அம்மாவின் தூபக்கால்: ராசப்பச் செட்டித் தெருச் சரக்கும் கிளிஞ்சல் சுண்ணாம்பும்

எங்கள் வீடு பெரம்பூரில் இருக்கிறது. தாத்தா கட்டிய பழைய வீடு, தரைத்தளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் முழங்கால் அளவுத் தண்ணீர் இரண்டு நாள் உள்ளே நின்றது. வடிந்தபிறகு கழுவித் துடைத்து, ஃபேன் போட்டு, மெத்தைகளைத் தூக்கிப்போட்டு, ஒருவழியாக வீட்டைப் பழையபடி ஆக்கினோம். ஆனால் ஹாலின் தெற்குச் சுவரில் ஓதம் தங்கிவிட்டது. எமல்ஷன் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, விரலால் தொட்டால் உள்ளேயிருந்து வெள்ளை உப்பு கொட்டும்.

அடுத்த ஆடியில் அம்மா போய்விட்டார். அப்புறம் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தாலே ஒரு வாடை. நன்றாகக் காயாத துணியை மடித்துப் பெட்டியில் வைத்தால் வருமே, அதுதான். அப்பாவுக்கு 76 வயது, வீஸிங் உண்டு. "வீட்டுக்கே உடம்பு சரியில்லம்மா" என்று ஒருநாள் சொன்னார். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, கல் உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் தரை துடைப்பது, மாவிலை, வேப்பிலை என்று அம்மா நடத்திவந்த ஒவ்வொன்றும் அவரோடு நின்றுபோயிருந்தது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்தப் பழக்கங்களை நானே ஒரு வருடம் செய்துபார்த்தேன். என்ன வாங்கினேன், எது பலித்தது, எது எங்கள் வீட்டுக்கு ஒத்துவரவில்லை என்பதை எழுதுகிறேன். ஓதம் அடிக்கிற வீட்டில் வயதானவரை வைத்துக்கொண்டு திண்டாடுகிற யாருக்காவது உதவும்.

முதலில் நான் போனது தப்பான வழி. சொந்தக்காரர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, வீட்டின் "சக்தியைச் சரிசெய்து தரும்" ஒருவரை வரவழைத்தேன். வாஸ்து, பிரமிடு, உப்பு விளக்கு எல்லாம் சேர்த்து ஒரே தொகையாக 6,500 ரூபாய். திசைகாட்டியை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். தென்மேற்கு கன்னி மூலை, அது கனமாக இருக்க வேண்டும் என்று சொல்லி, ஹாலின் தெற்குச் சுவர் ஓரமாக அந்த மூலையில் இருந்த ஜன்னலை நிரந்தரமாக அடைக்கச் சொன்னார். இரும்பு பீரோவை நகர்த்தி அந்த ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தினோம். நடுஹாலில் ஒரு செம்புப் பிரமிடு வைத்தார். ஒன்றரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டார். ஓதம் அடித்த சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து பீரோவை இழுத்துப் பார்த்தேன். பின்பக்கச் சுவர் முழுக்கக் கருப்புப் பூஞ்சை. ஏற்கெனவே ஈரம் ஏறிய சுவர், அதன்மேல் காற்றே படாமல் ஒரு பீரோவை ஒட்டி வைத்தால் வேறென்ன ஆகும்? அந்த இரண்டு மாதத்தில் அப்பா இன்ஹேலரை வழக்கத்தைவிட அதிகமாகத்தான் எடுத்தார். பணம் போனதைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை. வாஸ்துவை நான் குறை சொல்லவில்லை. காற்றும் வெளிச்சமும் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று பார்த்துக் கட்டிய பழைய வீடுகளில் உட்கார்ந்தால் அதன் அருமை தெரியும். ஆனால் கட்டி முடித்த, ஈரம் ஊறிய வீட்டில் ஜன்னலை அடை என்று சொல்கிறவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

அன்றைக்கே ஜன்னலைத் திறந்தேன். அடுத்த சனிக்கிழமை சென்ட்ரல் வரை மின்சார ரயிலில் போய், அங்கிருந்து நடந்து ராசப்பச் செட்டித் தெருவுக்குப் போனேன். பார்க் டவுனில், வள்ளலார் பாடிய கந்தகோட்டம் இருக்கிற பகுதி. சென்னையில் நாட்டு மருந்து என்றால் இந்தத் தெருதான். அம்மா வருடத்துக்கு இரண்டு தடவை என்னையும் கூட்டிக்கொண்டு வருவார். தெருவுக்குள் நுழைந்ததுமே சுக்கு, வசம்பு, வெட்டிவேர், பூலாங்கிழங்கு எல்லாம் கலந்த ஒரு வாசனை வரும். அதில் எது எது என்று பிரித்துச் சொல்லச் சொல்லி அம்மா கேட்பார். வசம்பை மட்டும் நான் எப்போதும் சரியாகச் சொல்லிவிடுவேன்.

கடைக்குள் பெரியவர் ஒருவர் இருந்தார். "சாம்பிராணி வேணும், கம்ப்யூட்டர் சாம்பிராணி இல்ல, கட்டி" என்றேன். "வாங்கம்மா, எதுக்குன்னு சொல்லுங்க, சாமிக்கா, தலைக்கா, வீட்டுக்கா?" என்று கேட்டார். நான் வீட்டுக் கதையைச் சொல்ல, மூன்று தட்டுகளை எடுத்து முன்னால் வைத்தார். முதல் தட்டில் பளபளவென்று மஞ்சள் கட்டிகள். பார்க்க அழகாக இருந்தது. "இது பெரும்பாலும் குங்கிலியமும் ரோசனமும்மா, விலை கம்மி" என்றார். இரண்டாவதில் பழுப்புக் கட்டி. மூன்றாவதில் இருந்த ஒன்றை எடுத்துக் கையாலேயே உடைத்துக் காட்டினார். பழுப்பு நிறத்துக்குள்ளே, அல்வாவுக்குள் முந்திரி பதிந்திருக்கிற மாதிரி, பால் வெள்ளையில் சின்னச் சின்னத் துண்டுகள். "இந்த வெள்ளைதான் சரக்கு. இது எவ்வளவு நிறைய இருக்கோ அவ்வளவு நல்லது." நெருப்பில் போடாமலே அதில் ஒரு இனிப்பு வாசனை இருந்தது. முகர்ந்ததும் அம்மாவின் தலைமுடி ஞாபகம் வந்துவிட்டது. எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் முடியை விரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்.

சாம்பிராணி நம் ஊர் மரத்தில் வருவதில்லை. சுமத்ராத் தீவில் வளரும் ஒரு மரத்தின் பட்டையைக் கீறிவிட்டால் பால் வடிந்து, மாதக்கணக்கில் இறுகிப் பிசினாகும். அதைச் சுரண்டி எடுப்பார்கள். அதே தீவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்ற பழைய துறைமுகம் இருக்கிறது. கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர்போன ஊர். அங்கே லோபு துவா என்ற இடத்தில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வெட்டி வைத்தது. ஆக, இந்த வாசனைக்காகக் கடல் தாண்டிப் போனவர்கள் நம் ஆட்கள். குங்கிலியத்துக்கும் நம்மிடம் பெரிய கதை உண்டு. திருக்கடவூரில் குங்கிலியக்கலய நாயனார், வீட்டில் சோற்றுக்கு இல்லாதபோது மனைவி கழற்றிக் கொடுத்த தாலியையே விலையாகக் கொடுத்து, நெல் வாங்காமல் கோயிலுக்குக் குங்கிலியம் வாங்கினார். அந்த மனைவியின் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று இப்போது வீட்டுச் செலவு பார்க்கிற எனக்குத் தோன்றுகிறது.

சாம்பிராணி கால் கிலோ, வெட்டிவேர் ஒரு கட்டு, படிகாரம், வசம்பு, காய்ந்த நொச்சி, வேப்பிலை என்று வாங்கியதில் மொத்தம் 1,140 ரூபாய் ஆனது. கடையில் பேரம் கிடையாது, ஆனால் எடை சரியாக இருந்தது. வீட்டில் நிறுத்துப் பார்த்தேன். கேட்காமலே எதையும் தலையில் கட்டவில்லை. திருஷ்டிக்கு ஆகாசகருடன் கிழங்கு வேண்டுமா என்று நானே கேட்டதற்கு, "வீட்டுல ஓதம்னு சொல்றீங்க, முதல்ல சுவரைப் பாருங்கம்மா, கிழங்கு அப்புறம் மாட்டிக்கலாம்" என்றார். இந்த ஒரு பேச்சுக்காகவே அந்தக் கடைக்கு மறுபடி போவேன். ஒரு குறை என்றால், சரக்கையெல்லாம் மெல்லிய பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தார்கள். வெட்டிவேரைத் துணிப்பையில் கொடுத்தால்தானே அழகு.

சாம்பிராணி போட்டது பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும், இதில்தான் நான் பயந்துபோனேன். முதல் வெள்ளிக்கிழமை அம்மாவின் பித்தளைத் தூபக்காலைப் புளி போட்டுத் தேய்த்து, கொட்டாங்கச்சிக் கரியில் தணல் எடுத்து, இரண்டு கட்டி போட்டு, அம்மா செய்கிற மாதிரியே அறை அறையாகக் காட்டினேன். ஜன்னல்களைச் சாத்தியிருந்தேன், புகை நின்றால்தான் நல்லது என்ற நினைப்பு. ஐந்து நிமிடத்தில் அப்பாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நிற்கவே இல்லை. வெளியே கூட்டிக்கொண்டுபோய் உட்காரவைத்து, இன்ஹேலர் கொடுத்து, அரை மணி நேரம் கழித்துத்தான் மூச்சு சீரானது. அம்மா இருந்தவரை அப்பா ஏன் இருமவில்லை என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பிறகு அவரே சொன்னார்: "உங்கம்மா சாம்பிராணி போடும்போது என்னைக் கடைக்கு அனுப்பிடுவாளேம்மா." இருபது வருடமாக வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் அப்பா வெற்றிலை வாங்கப் போவார். எனக்கு அது இரண்டும் ஒன்றென்று தெரியவே தெரியாது.

அடுத்த வாரம் அக்கா மகனிடம் இருந்து காற்றின் தரம் பார்க்கிற சின்ன மீட்டரை வாங்கி வைத்தேன். பி.எம். 2.5 என்கிற நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த அளவு, 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். மூடிய ஹாலில் தூபம் காட்டியதும் மீட்டர் சில நிமிடங்களில் 400-ஐத் தாண்டியது. ஜன்னல், கதவு, பின்கட்டுக் கதவு எல்லாம் திறந்து காற்று போகவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டது. வாசனை மட்டும் திரைச்சீலையிலும் மரத்திலும் மறுநாள் வரை இருந்தது. இப்போது நாங்கள் செய்வது இதுதான்: அப்பா வெளியே போவார். ஒரே ஒரு கட்டி, அதுவும் சின்னது. எல்லா ஜன்னலும் திறந்திருக்கும். ஒரு மணி நேரம் கழித்து அப்பா வருவார். வீட்டில் குழந்தையோ வீஸிங்காரரோ இருந்தால் தயவுசெய்து மூடிய அறையில் போடாதீர்கள். கம்ப்யூட்டர் சாம்பிராணியும் கப் சாம்பிராணியும் கூட வாங்கிப் பார்த்தேன். கரித்தூளும் மரத்தூளும் வாசனையும் சேர்த்துப் பிடித்தது, புகை அதிகம், சாம்பிராணி வாசனை குறைவு. தணல் எடுக்க நேரமில்லாதவர்களுக்குச் சௌகரியம், எனக்கு வேண்டாம்.

சரி, வாடை போனதா? சாம்பிராணியால் போகவில்லை. இரண்டு நாள் மறைந்திருந்து மூன்றாம் நாள் வந்துவிடும். வாடையைப் போக்கியது சுண்ணாம்பு.

கடைப் பெரியவர் "சுவரைப் பாருங்க" என்று சொன்னது மனதில் உறுத்திக்கொண்டே இருக்க, எங்கள் தெருவில் வெள்ளையடித்துப் பழகிய வயதான பெயின்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "மேல பெயின்ட் பிளாஸ்டிக் மாதிரி மூடிக்கிச்சும்மா. உள்ள இருக்கிற தண்ணி எங்க போவும்? சுண்ணாம்பு அடிச்சா சுவர் மூச்சு விடும்" என்றார். பழவேற்காட்டுப் பக்கத்துக் கிளிஞ்சலைச் சூளையில் சுட்ட சுண்ணாம்பு வேண்டும், பாக்கெட்டில் வருகிற வெள்ளைத் தூள் வேண்டாம் என்றும் அவரே சொல்லி, அவரே ஒரு மூட்டை கொண்டுவந்தார்.

பின்கட்டில் நீற்றியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பழைய இரும்பு டிரம்மில் பாதிக்குத் தண்ணீர். பிளாஸ்டிக் டிரம் இளகிவிடுமாம். சுட்ட கிளிஞ்சல்கள் இன்னும் சிப்பி வடிவத்திலேயே, வரிகள்கூட அழியாமல், ஆனால் காகிதம் மாதிரி லேசாக இருந்தன. ஒவ்வொரு முறமாகத் தண்ணீரில் விட்டார். ஒரு நொடி ஒன்றுமில்லை. அப்புறம் 'உஸ்' என்று சத்தம், சிப்பிகள் ஒவ்வொன்றாக வெடித்துப் பூப்பூவாக விரிந்தன, அடுப்பு இல்லாமலே தண்ணீர் உலை கொதிப்பதுபோலக் கொதித்தது. என்னை நாலடி தள்ளி நிற்கச் சொன்னார், கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் பார்வைக்கே ஆபத்து. நாலு நாள் ஊறவிட்டு, பழைய வேட்டியில் வடிகட்டி, அரிசிக் கஞ்சியும் ஒரு கைப்பிடி உப்பும், வெண்மைக்குத் துளி நீலமும் சேர்த்தார்.

அதற்குள் எமல்ஷனைச் சுரண்டி எடுக்க இரண்டு ஆள், இரண்டு நாள். இதுதான் செலவு பிடிக்கிற வேலை. பெயின்டின்மேல் சுண்ணாம்பு ஒட்டாது, முழுவதும் சுரண்டியே ஆக வேண்டும். ஹாலின் தெற்குச் சுவரும் அதை ஒட்டிய படுக்கையறைச் சுவரும் மட்டும்தான் செய்தோம். கூலியும் பொருளும் சேர்த்து 9,200 ரூபாய். நார் மட்டையால் முதல் பூச்சு அடித்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஏனென்றால் சுவரில் ஒன்றுமே தெரியவில்லை. தண்ணீர் அடித்த மாதிரி இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே, "காலைல பாருங்கம்மா" என்றார். காலையில் அது வெள்ளையாக எழுந்து நின்றது. மூன்று பூச்சு. சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொண்டு மெல்ல மெல்ல மறுபடி கல்லாக மாறுகிறது. ஈரமாக இருக்கும்போது அதில் காரம் அதிகம், பூஞ்சை பிழைக்காது. காய்ந்தபிறகும் சுவருக்குள்ளிருக்கும் ஈரம் ஆவியாக வெளியேற வழி இருக்கிறது.

மூன்று வாரத்தில் வாடை போய்விட்டது. இதைச் சும்மா எழுதவில்லை. ஊரிலிருந்து வந்த சித்தி, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "வீடு நல்லாயிருக்கேடி" என்றார். அடுத்த மழைக்காலத்தில் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்கு மறுபடி கொஞ்சம் உப்பு பூத்தது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், கீழேயிருந்து ஏறி வருவதைத் தடுக்காது. காய்ந்த துணியால் உப்பைத் தட்டிவிட்டு, மீதமிருந்த சுண்ணாம்பை ஒரு பூச்சு அடித்தேன், அது என் கையாலேயே ஆகிற வேலைதான். இன்னொன்று, சாய்ந்தால் சட்டையில் வெள்ளை ஒட்டும். கஞ்சி போட்டும் கொஞ்சம் ஒட்டத்தான் செய்கிறது.

வெட்டிவேரில் எனக்கு ஏமாற்றம்தான், ஆனால் அது வெட்டிவேரின் குற்றமில்லை. கடலூர்ப் பக்கத்து மணலில் விளைந்த வேர், பிரித்தபோது மண் வாசனையோடு அருமையாக இருந்தது. தட்டி கட்டி ஜன்னலில் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்தேன். கத்திரி வெயிலில், கடற்காற்று வராமல் மேற்கேயிருந்து வறண்ட காற்று அடித்த நாலைந்து நாளில் ஹால் நிஜமாகவே குளிர்ந்தது. அப்பா ஜன்னலடியிலேயே தூங்கினார். மற்ற நாளில் சென்னைப் புழுக்கத்தில் ஈரத்தோடு ஈரம் சேர்ந்ததுதான் மிச்சம். ஓதச் சுவர் இருக்கிற வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம். மதுரை, திருச்சி, வேலூர் மாதிரி வறண்ட ஊர்க்காரர்கள் தாராளமாகக் கட்டலாம். நான் தட்டியைப் பிரித்து, ஒரு பிடி வேரைத் துணியில் முடிந்து மண்பானைத் தண்ணீரில் போட்டுவிட்டேன். மீதி அலமாரியில், அம்மாவின் புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது.

நொச்சிப் புகை கொசுவுக்கு நல்லது, ஆனால் புகை புகைதானே, இரண்டு தடவையோடு நிறுத்திவிட்டு வாசலில் ஒரு நொச்சிச் செடி வைத்தேன். படிகாரம் வாசலில் கட்டத்தான் வாங்கினேன், அதைவிட அப்பா சவரம் செய்தபின் முகத்தில் தேய்க்கத்தான் அதிகம் பயன்படுகிறது. கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் துடைப்பதைத் தொடர்கிறேன். தரை மொசைக்காக இருந்தால் மஞ்சளைக் குறைத்துப் போடுங்கள், வெள்ளைப் பகுதியில் கறை பிடிக்கும், எங்கள் வாசற்படியில் இன்னும் போகவில்லை. அரிசி மாவுக் கோலம் மட்டும் நான் எதிர்பார்க்காத சந்தோஷம். கல் மாவை விட்டுவிட்டு அரிசி மாவில் போட ஆரம்பித்ததும், சமையலறைக்குள் வரிசை கட்டிய எறும்புகள் பெரும்பாலும் வாசலோடு நின்றுகொண்டன. காலை ஏழு மணிக்கு இரண்டு அணில் வருகின்றன.

செம்புப் பிரமிடு இன்னும் பரணில் இருக்கிறது, பாத்திரக்காரரிடம் போட வேண்டும். ராசப்பச் செட்டித் தெருவுக்கு இந்தத் தை மாதம் மறுபடி போனேன், சாம்பிராணி கால் கிலோவே வாங்கினேன், மாதம் நான்கு கட்டி என்றால் வருடத்துக்கும் வரும். பெரியவர் என்னை ஞாபகம் வைத்திருந்தார். "சுவர் என்னாச்சும்மா?" என்றுதான் முதலில் கேட்டார்.

அப்பா இப்போது மத்தியானத்தில் அந்தத் தெற்குச் சுவரில் முதுகைச் சாய்த்துத்தான் பேப்பர் படிக்கிறார், அங்கேதான் குளிர்ச்சி என்கிறார். எழுந்தால் சட்டை முதுகில் வெள்ளை ஒட்டியிருக்கும், தட்டிவிட வந்தால் "இருக்கட்டும்மா" என்பார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை ஆனதும் நான் சொல்லாமலே செருப்பைப் போட்டுக்கொண்டு, "தணல் எடுத்துட்டியா?" என்று கேட்டுவிட்டு, வெற்றிலை வாங்கக் கிளம்பிவிடுகிறார்.